லேமினேட் செய்த சீட்டு

டாக்டரய்யா இறந்த மறுநாள் கடையைத் திறப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டேதான் சாவியை எடுத்துப் போனேன். கடைத்தெரு முழுக்க ஷட்டர் இறங்கிக் கிடந்தது, டீக்கடைகூட இல்லை. ஆனால் என் மெடிக்கல் ஷாப் வாசலில் பதினோரு பேர் குடையும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்கள். எல்லார் கையிலும் டாக்டரய்யா எழுதிக் கொடுக்கிற அந்த நாற்பது பக்க நோட்டு. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அதில் ஒருத்தர் நோட்டை நீட்டி, "தம்பி, நேத்தே மாத்திரை தீந்துபோச்சு, சாவு வீட்டுல எப்படிக் கேக்குறதுன்னு விட்டுட்டேன்" என்றார். மற்ற பத்துப் பேரும் அதற்குத்தான் நின்றிருக்கிறார்கள்.

இதை எழுத அந்தக் காலைதான் காரணம். ஊரில் நாற்பது வருஷம் வைத்தியம் பார்த்த ஒருத்தர் போய்விட்டால் அவருக்கு என்ன மரியாதை செய்வது என்று எல்லாரும் யோசிக்கிறோம். அவருடைய நோயாளிகளை என்ன செய்வது என்று யோசிக்க எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரத்தில் நடந்த தப்புகளையும், பிறகு நாங்கள் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதையும் சொல்கிறேன். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு வயதான டாக்டர் இருப்பார்.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் நடுவில். டாக்டர் பெயரைப் போடவில்லை, அவர் வீட்டாருக்கு அது பிடிக்காது, ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும். 1981-இல் ஒரு ஓட்டு வீட்டின் திண்ணையில் ஆரம்பித்தவர். அப்போது இரண்டு ரூபாய் வாங்கினாராம், கடைசியில் 2023 ஐப்பசியில் இறந்தபோது ஐம்பது. 2004-இல் நான் டி.பார்ம் முடித்து அவர் கிளினிக்குக்கு எதிர்த்தாற்போல் கடை போட்டேன். பத்தொன்பது வருஷம் அவர் கையெழுத்தைப் படித்துத்தான் என் வீட்டில் சோறு. அதனால் நான் நடுநிலையாக எழுதுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அவர் சீட்டில் ஒரு ரகசியம் உண்டு. வலது மேல் மூலையில் சின்னதாக ஒரு வட்டம் போட்டிருந்தால், அந்த ஆளிடம் காசு வாங்காமல் மருந்தைக் கொடுத்துவிட்டு டாக்டர் கணக்கில் எழுத வேண்டும். மாதக் கடைசியில் அவரே கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார். தர்மம்தானே என்று சும்மா தூக்கிக் கொடுத்துவிட மாட்டார், பத்து பர்சென்ட் குறை, பதினைந்து குறை என்று என்னிடம் மல்லுக்கட்டுவார். "உன் லாபத்துலயும் கொஞ்சம் புண்ணியம் சேரட்டும்பா" என்பார். அந்த வட்டத்துக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் என் தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கண்ணைத் தானம் கொடுக்க வேண்டும் என்று டாக்டரய்யா பல தடவை சொல்லியிருக்கிறார். எழுதி எங்கும் பதியவில்லை, பேச்சுவாக்கில் சொன்னதுதான். அவர் போனது விடியற்காலை நான்கு மணி வாக்கில். ஐந்து மணிக்கெல்லாம் நான் அங்கே நின்றேன். எனக்கு விஷயம் தெரியும், ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் அழுதுகொண்டிருக்கிற டாக்டர் வீட்டம்மாவிடம் போய் எப்படி ஆரம்பிப்பது என்று வாயை மூடிக்கொண்டு நாற்காலி இறக்கினேன், ஷாமியானாக்காரனுக்குப் போன் போட்டேன், பால் வாங்கிவந்தேன். ஒன்பது மணிக்குத் தயங்கித் தயங்கி அவர் மகனிடம் சொன்னேன். பக்கத்தில் இருந்த உறவினர் ஒருவர், "அவருக்குத்தான் கேட்ராக்ட் ஆபரேஷன் ஆயிருக்கே, சுகர் வேற, அந்தக் கண்ணை எடுக்க மாட்டாங்க" என்றார். நானும் அது தப்பு என்று அடித்துச் சொல்லவில்லை. விசாரித்து முடிப்பதற்குள் நேரம் தாண்டிவிட்டது.

கேட்ராக்ட் ஆபரேஷன் செய்தவர், சுகர் உள்ளவர், கண்ணாடி போட்டவர் எல்லாருமே கொடுக்கலாம். கேட்ராக்ட்டில் மாற்றுவது உள்ளே இருக்கும் லென்ஸை, தானத்தில் பயன்படுவது முன்னால் இருக்கும் கருவிழி. உயிர் பிரிந்ததும் இமைகளை மூடி, மேலே ஈரப்பஞ்சு வைத்து, தலைமாட்டில் ஒரு தலையணை கொடுத்துத் தலையைக் கொஞ்சம் உயர்த்தி, நேர் மேலே ஓடுகிற ஃபேனை நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருக்கும் கண் வங்கிக்குப் போன் செய்ய வேண்டும். நம்பர் கையில் இல்லாவிட்டால் 104-இல் கேளுங்கள். அவர்களே வீட்டுக்கு வருவார்கள், கால் மணி, அரை மணியில் முடிந்துவிடும், முகம் விகாரமாகாது. இதைச் சொல்லக் கூச்சப்படாத ஆள் ஒருத்தர் துக்க வீட்டில் இருக்க வேண்டும். அன்றைக்கு அந்த ஆள் நான்தான். கூச்சப்பட்டேன்.

சரி, அந்தப் பதினோரு பேருக்கு வருகிறேன்.

சட்டப்படி ஒரு சீட்டுக்கு ஒரு தடவைதான் மருந்து கொடுக்க வேண்டும், திரும்பக் கொடுக்கலாம் என்று டாக்டரே அதில் எழுதியிருந்தால் தவிர. நடைமுறையில் பிரஷர் மாத்திரைக்கும் சுகர் மாத்திரைக்கும் எந்த ஊர்க் கடையும் இதைப் பார்ப்பதில்லை, நானும் உத்தமன் இல்லை. எதிரே டாக்டர் இருந்தவரை ஒரு தைரியம், சந்தேகம் வந்தால் ரோட்டைத் தாண்டிக் கேட்டுவிடலாம். இப்போது ரோட்டுக்கு அந்தப் பக்கம் பூட்டு தொங்குகிறது. அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன்: யாருக்கும் ஒரு மாதத்துக்குக் கொடுப்பதில்லை, பத்து நாளைக்குத்தான், அதற்குள் வேறு டாக்டரிடம் காட்டிவிட்டு வரவேண்டும். தூக்க மாத்திரை மாதிரி, கட்டுப்பாடு அதிகமுள்ள எச்1 பட்டியலில் இருப்பவற்றுக்குக் கண்டிப்பாக இல்லை. அவற்றுக்கு 2014-இலிருந்து தனி ரிஜிஸ்டர், யார் எழுதியது, யாருக்குக் கொடுத்தது என்று மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். இறந்தவர் பெயரை நான் எப்படி எழுதுவேன்? இதற்காக இரண்டு பேர் என்னைத் திட்டினார்கள். "டாக்டரு கண்ண மூடுன உடனே இவன் சட்டம் பேசுறான்" என்று.

சரியாகத்தான் செய்கிறோம் என்ற நினைப்பு நான்காவது நாள் உடைந்தது. கடைக்கு வருகிறவர்களைப் பற்றி மட்டும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன், வராதவர்களை மறந்துவிட்டேன். வடக்குத் தெருவில் ஒரு பையன், பத்தொன்பது வயது, வலிப்புக்கு ஆறு வருஷமாக மாத்திரை. டாக்டர் இறந்த அதே வாரத்தில் அவனுக்கும் அட்டை காலியாகியிருக்கிறது. கிளினிக் திறந்ததும் போகலாம் என்று அவன் அம்மா காத்திருந்திருக்கிறார், யாராவது வந்து உட்காருவார்கள் என்று யாரோ சொன்னார்களாம். மூன்று நாள் மாத்திரை இல்லை. நான்காம் நாள் காலையில் பல் விளக்கும்போது வலிப்பு வந்து கிணற்றடியில் விழுந்து நெற்றி பிளந்து, 108-இல் ஏற்றிப் போனார்கள். பிழைத்துக்கொண்டான், ஏழு தையல்.

அன்று மதியமே நர்ஸ் அக்கா வீட்டுக்குப் போனேன். கிளினிக்கில் இருபத்தாறு வருஷம் டோக்கன் கொடுத்து, ஊசி எடுத்துக் கொடுத்து, சண்டை விலக்கிவிட்ட அக்கா. யாருக்கு என்ன வியாதி என்பது டாக்டருக்கு அடுத்து அவருக்குத்தான் மனப்பாடம். அவர் அழுகையை நிறுத்தி உட்கார்ந்து பேர் பேராகச் சொல்ல, எந்த மாத்திரையை நிறுத்தினால் யாருக்கு ஆபத்து என்று நான் பிரித்தேன். எல்லா நோயாளிக்கும் ஒரே அவசரம் கிடையாது. மெட்ஃபார்மின் நான்கு நாள் விட்டால் சுகர் ஏறும், சமாளித்துக்கொள்ளலாம். வலிப்பு மாத்திரையை, இன்சுலினை, ரொம்ப நாளாகச் சாப்பிடும் ஸ்டீராய்டை, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையை, நெஞ்சு நோய்க்கு எழுதிய அட்டெனோலால் மாதிரியானவற்றைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. அப்படி முப்பத்தொரு பேர் தேறினார்கள். அந்த முப்பத்தொரு வீட்டுக்கும் நானும் அக்காவும் டிவிஎஸ் எக்செல்லில் இரண்டு நாள் அலைந்தோம்.

அதில் ஒரு பெண் குழந்தையை அக்கா சொல்லாவிட்டால் யாருக்குமே ஞாபகம் வந்திருக்காது. எட்டாவது படிக்கிறாள், சின்ன வயதில் மூட்டுவலிக் காய்ச்சல் வந்து இதய வால்வு பழுதானவள். 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட வேண்டும், பன்னிரண்டு லட்சம் யூனிட். வருகிற வெள்ளிக்கிழமை தவணை. நன்றாகத்தானே ஓடியாடுகிறாள் என்று விட்டுவிட்டால், ஒவ்வொரு தொண்டை வலியும் அந்த வால்வை இன்னும் கெடுக்கலாம். ஆனால் இந்த ஊசியைப் போடப் பல இடங்களில் யோசிப்பார்கள், அலர்ஜி வந்தால் உயிர்ப் பிரச்சினை என்பதால். இரண்டு தனியார் இடங்களில் முடியாது என்றார்கள், அவர்கள் பயத்தையும் குறை சொல்ல முடியாது. கடைசியில் நோட்டை எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரய்யா ஒவ்வொரு ஊசியையும் தேதி, பேட்ச் நம்பர், போட்டபின் அரை மணி உட்கார வைத்தது வரைக்கும் அந்த நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் அங்கே இருந்த டாக்டர் வேறு கேள்வியே கேட்கவில்லை.

நோட்டு நோயாளி கையில் இருந்தது எங்களைக் காப்பாற்றியது. உள்நோயாளிகளுடைய ரெக்கார்டை டாக்டர் மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் விதி இருக்கிறது. நம் ஊர்க் கிளினிக்குக்கு வந்து சீட்டு வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அப்படி எதுவும் யாரிடமும் இருக்காது, எல்லாம் டாக்டர் தலைக்குள்தான் இருக்கும். அதனால் உங்கள் டாக்டர் நன்றாக இருக்கும்போதே ஒரு தாளில் இவ்வளவும் எழுதி வாங்கிவிடுங்கள்: என்ன வியாதி, எந்த வருஷத்திலிருந்து, இப்போது என்ன மாத்திரை எத்தனை மில்லிகிராம், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, கடைசியாக எப்போது ரத்தம் பார்த்தது. "மஞ்சக் கலர் மாத்திரை, பாதி" என்று சொன்னால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. கம்பெனி மாறினால் கலரும் மாறும்.

இந்த வேலையில் இன்னொரு அசிங்கமும் நடந்தது. நாங்கள் எழுதிய பட்டியலை வசதிக்காகப் போனில் படம் எடுத்து உதவிக்கு வந்த மூன்று பையன்களுக்கு அனுப்பினேன். அதில் ஒருவன் நல்ல எண்ணத்தில் ஊர் வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டான், "இவர்கள் எல்லாம் உடனே மருந்து வாங்கவும்" என்று. பத்து நிமிஷத்தில் அழிக்கச் சொல்லிவிட்டேன். ஆனால் மனநோய்க்கு மாத்திரை சாப்பிடும் ஒரு பெண்ணின் பெயர் அதில் இருந்தது, அவளுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் நாற்பது வருஷம் வாயைத் திறக்காமல் வைத்திருந்ததை நான் ஒரே நாளில் தெருவுக்குக் கொண்டுவந்தேன். பட்டியல் போட்டால் காகிதத்தில் போடுங்கள், ஒரே ஒரு ஆள் கையில் இருக்கட்டும், வேலை முடிந்ததும் கிழித்துவிடுங்கள்.

அந்த நாட்களில் பெரிய ஒத்தாசையாக இருந்தவர் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா, முப்பது வயதுகூட இருக்காது. நாங்கள் போய்க் கேட்டதும் பிரஷர், சுகர் ஆட்களை எல்லாம் ஒரே நாளில் வராமல் தெருவாரியாக அனுப்பச் சொன்னார். ரத்தம் பார்த்து, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிந்துவிட்டார். 2021-இல் வந்த இந்தத் திட்டத்தில் பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள், காசு கிடையாது. என் வியாபாரம் குறைந்ததுதான், மறைக்கவில்லை. ஐம்பது ரூபாய் ஃபீஸ், முந்நூறு ரூபாய் மருந்து என்று மாதாமாதம் செலவழித்தவர்களில் பாதிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே அதுவரை தெரியாது.

கிளினிக்கைக் காலிசெய்யும்போது அவர் மகன் என்னைக் கூப்பிட்டார், அவர் வெளியூரில் இன்ஜினியர். பீரோ நிறைய சாம்பிள் மருந்து, மருந்துக் கம்பெனி ரெப் கொடுத்துவிட்டுப் போனவை. அப்பா பெயரில் இலவசமாகக் கொடுத்துவிடலாமே என்றார். பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் தேதி தாண்டியவை. மீதியும் பார்த்துச் சொல்ல டாக்டர் இல்லாமல் கொடுக்கக் கூடியவை இல்லை. எல்லாம் ஊசிகளோடு சேர்த்து மருத்துவக் கழிவு எடுக்கும் வண்டிக்குப் போயிற்று, அவற்றைக் குப்பைத்தொட்டியில் போடக் கூடாது. அவர் மகனுக்கு மனசே இல்லை. இன்னொன்று, லெட்டர் பேடும் ரப்பர் ஸ்டாம்பும். ரிஜிஸ்டர் நம்பர் அச்சடித்த நான்கு பேட் மேஜையில் கிடந்தது. ஞாபகார்த்தமாக ஒரு தாள் வேண்டும் என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர். வெள்ளைத் தாள் ஒன்றுகூட வெளியே போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன். வெற்றுத் தாளும் ஸ்டாம்பும் சேர்ந்தால் யார் வேண்டுமானாலும் எதையும் எழுதிக்கொள்ளலாம், மெடிக்கல் சர்டிஃபிகேட் உட்பட. அடுப்பில் போட்டு எரித்தோம்.

பதினாறாம் நாள் படத்திறப்பு. அதற்கு முன்னாலேயே கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள் வந்துவிட்டன, சிலவற்றில் டாக்டர் படத்தைவிட அச்சடித்தவர் படம் பெரிசு. மண்டபத்தில் ஃப்ளெக்ஸில் என்ன போடுவது என்று பேச்சு வந்தபோது, "ஏழைகளின் டாக்டர்" என்றும், இருபது ரூபாய் காலத்தை வைத்து "இருபது ரூபாய் டாக்டர்" என்றும் போடலாம் என்றார்கள். கோயம்புத்தூரில் இருபது ரூபாய் டாக்டர் என்று பெயரெடுத்த டாக்டர் பாலசுப்ரமணியம் 2016-இல் இறந்தபோது ஊரே திரண்டது. வடசென்னையில் 2018-இல் டாக்டர் ஜெயச்சந்திரன், 2020-இல் வியாசர்பாடி டாக்டர் திருவேங்கடம், இரண்டு பேருமே ஐந்து ரூபாய் டாக்டர் என்று பெயர் வாங்கியவர்கள். அந்தப் பெருமை அவர்களுக்குத் தகும். ஆனால் எதிர்க்கடையில் உட்கார்ந்து பத்தொன்பது வருஷம் பார்த்தவனுக்கு ஃபீஸ் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. எங்கள் டாக்டர் சீட்டில் மூன்று மருந்துக்கு மேல் பார்ப்பது அபூர்வம், அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. ஃபீஸ் ஐம்பது என்றாலும் மருந்து இருநூறைத் தாண்டாது. கட்டுவிரியன் கடித்து வந்தால் தொட்டுக்கூடப் பார்க்காமல், "இங்க வந்து பத்து நிமிஷத்த வீணாக்கிட்ட, மெடிக்கலுக்கு ஓடு" என்று வண்டியைத் திருப்பிவிடுவார். தன்னால் முடியாததை அவ்வளவு சீக்கிரம் சொல்கிறவர் கிடைப்பது கஷ்டம்.

கஜா புயலின்போது அவரைப் பார்த்திருக்க வேண்டும். 2018 நவம்பர் 16 விடியலில் அது வேதாரண்யம் பக்கம் கரையேறி, எங்கள் பக்கம் வந்தபோது ஒரு தென்னை விடாமல் சாய்த்துவிட்டுப் போனது. கூரை விழுந்து, ஷீட் கிழித்து, ஆணி ஏறி என்று அன்று முழுக்கக் கூட்டம். கரண்ட் இல்லை, மோட்டார் ஓடாது. எங்களை அடிபம்பில் நிற்கவைத்தார். அழுக்குப் புண்ணைத் தைத்தால் உள்ளே சீழ் கட்டும், முதலில் கழுவு, சோப்புப் போட்டுக் கழுவு, இன்னும் கழுவு என்று கத்திக்கொண்டே இருந்தார். கழுவிக் கட்டி, டி.டி. ஊசி போட்டு, மூன்று நாள் கழித்துத் தைத்துக்கொள்ளலாம் என்று அனுப்பினார். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர இருபத்துமூன்று நாள் ஆனது. என் ஃப்ரிட்ஜில் இருந்த இன்சுலினை என்ன செய்வது என்று ஓடினேன். ஒரு பெரிய பானையில் மணலைக் கொட்டி, அதற்குள் சின்னப் பானையைப் புதைத்து, மணலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கச் சொன்னார், சின்னப் பானைக்குள் பிளாஸ்டிக் டப்பாவில் இன்சுலின். ஈரத்துணி போட்டு மூடி, காற்றோட்டமான நிழலில் வைத்தோம். உபயோகத்தில் இருக்கும் பாட்டில் சாதாரண குளுமையில் நான்கு வாரம் வரை தாங்கும், உருக்கும் வெயில்தான் எதிரி என்றார். இன்றைக்கும் கரண்ட் போனால் அந்தப் பானைதான்.

குறையும் இருந்தது. ஊசி கேட்டு அடம் பிடிக்கிறவர்களுக்குச் சத்து ஊசி போட்டு அனுப்பிவிடுவார், "போடலைன்னா இவன் வேற எவன்கிட்டயாவது போய் கண்டதையும் போட்டுக்குவான்" என்பது அவர் சமாதானம். எனக்கு அது சரியாகப் படவில்லை, அவரிடமே சொல்லியிருக்கிறேன், நாய் மாதிரி விழுந்தார். கோபம் அதிகம். கடைசி ஐந்தாறு வருஷம் புதிதாக வந்த மருந்துகள் பக்கம் அவர் போகவே இல்லை, பழகின நான்கு மாத்திரையையே எழுதிக்கொண்டிருந்தார். படத்திறப்பில் இதையெல்லாம் யாரும் பேச முடியாது. பேசாததால் ஒரு சங்கடம் வந்தது, கடைசியில் சொல்கிறேன்.

சிலை வைக்கலாம் என்று ஒருவர் கிளம்பினார். பொது ரோட்டில் சிலை வைக்க 2013-இலேயே உச்ச நீதிமன்றம் தடை போட்டிருக்கிறது என்று பள்ளிக்கூட வாத்தியார் சொன்னதும் அடங்கினார். கடைசியில் ரத்ததானம் செய்தோம், எழுபத்திரண்டு பேர் வந்து நாற்பத்தைந்து பேர்தான் தேறினார்கள். எடை நாற்பத்தைந்து கிலோவாவது, ஹீமோகுளோபின் பன்னிரண்டரையாவது இருக்க வேண்டும், பெண்களில் பாதிப் பேருக்கு ரத்தமே போதவில்லை. திரும்பிப் போன அந்தப் பெண்களைச் சுகாதார நிலையத்துக்கு அனுப்பி இரும்புச்சத்து மாத்திரை வாங்க வைத்தது, எடுத்த ரத்தத்தைவிட உபயோகமான வேலை என்று எனக்குத் தோன்றுகிறது.

வசூலானதில் செலவு போக முப்பத்தெட்டாயிரம் மிஞ்சியது. அப்போது நான் எழுந்து அந்த வட்டத்தைப் பற்றிச் சொன்னேன், அதுவரை மண்டபத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. அந்தப் பணத்தை என் கடையில் அதே கணக்கில் வைத்து வட்டத்தைத் தொடரலாம் என்று முடிவானது. முதல் மாதமே திணறினோம். மருந்துக்குப் பணம் இருக்கிறது, வட்டம் போட ஆள் இல்லை. யார் இல்லாதவர், யார் இருந்தும் கேட்கிறவர் என்று அவருக்குத் தெரிந்ததுபோல எனக்குத் தெரியாது, நான் மருந்து விற்கிறவன், நானே முடிவு செய்தால் நன்றாக இருக்குமா? தெருவுக்கு ஒருவர் என்று கமிட்டி போட்டதில் அவரவர் சொந்தக்காரர் பெயராகக் கொடுத்தார்கள். இப்போது நர்ஸ் அக்காதான் வட்டம் போடுகிறார், தன் கையெழுத்தோடு. கணக்கு மாதாமாதம் தபால் ஆபீஸ் பக்கத்துச் சுவரில் ஒட்டுகிறோம், தொகை மட்டும், பெயர் இல்லாமல். முன்னைவிடக் குறைவாகத்தான் நடக்கிறது. நடக்கிறது.

அப்புறம் லேமினேஷன். படத்திறப்பு முடிந்த வாரம் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் திடீரென்று கூட்டம். டாக்டரய்யா கடைசியாக எழுதிக் கொடுத்த சீட்டை லேமினேட் பண்ணிப் பூஜையறையில் மாட்டுகிறார்கள். எனக்கே கண் கலங்கிவிட்டது. ஒருவர் டாக்டர் எடுத்துக் கொடுத்த இசிஜியையும் கொடுத்திருக்கிறார். இசிஜி வரும் தாள் சூட்டில்தான் எழுத்துப் பதிகிற தாள், மெஷின் சூட்டில் முழுக்கக் கறுத்துப்போய் வெளியே வந்தது. அவருடைய பழைய இசிஜி அது ஒன்றுதான். அடுத்து நெஞ்சு வலி வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் கிடையாது. அந்தத் தாள் சும்மா வைத்தாலே இரண்டு மூன்று வருஷத்தில் மங்கிவிடும், வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து, போனிலும் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

லேமினேட் செய்த சீட்டு இன்னொரு வகையிலும் படுத்தியது. எங்கள் தெரு அப்பத்தா ஒருவர், எழுபத்துநான்கு வயது. டாக்டரய்யா சுகருக்கு மெட்ஃபார்மினோடு கிளிபென்கிளமைடும் எழுதியிருந்தார், பல வருஷமாக அதுதான். சுகாதார நிலையத்து டாக்டரம்மா ரத்தம் பார்த்துவிட்டு, சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, இந்த வயதில் இந்த மாத்திரை உடம்பில் தங்கிச் சுகரை ரொம்ப இறக்கிவிடும், நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்கிறார். அப்பத்தாவுக்கு வந்ததே கோபம். "நேத்து வந்த புள்ள, டாக்டரய்யா எழுதுனத அடிக்குதா?" சீட்டைக் காட்டி என்னிடமே மாத்திரை கேட்டார். தர முடியாது என்றேன். வேறு கடையில் வாங்கிக்கொண்டார்.

மார்கழியில் ஒரு விடியற்காலை. அப்பத்தா உடம்பெல்லாம் வேர்த்து, உளறிக்கொண்டு, மருமகளை யார் என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் கெட்டிக்காரி, முழுங்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்திருக்கிறாள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும், 108-ஐக் கூப்பிட வேண்டும். அப்பத்தா தெளிந்துவிட்டார். ஆனால் இந்த மாத்திரை நீண்ட நேரம் வேலை செய்வது, தெளிந்த பிறகும் மறுபடி இறக்கும் என்பதால் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் படுக்கவைத்து அனுப்பினார்கள்.

இரண்டு நாள் கழித்துக் கடைக்கு வந்தார். மடியிலிருந்து அந்த லேமினேட் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். புதுச் சீட்டு இருக்கிறதே அப்பத்தா, அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். இல்லை, இதிலேயே அடிச்சுக் கொடு, இதைத்தான் தினம் எடுத்துப் பார்க்கிறேன், மறந்து வாங்கிவிடுவேன் என்றார். பேனாவால் அடித்தேன், பிளாஸ்டிக்கில் பிடிக்கவில்லை, வழுக்கியது. பெட்டிமேல் எழுத வைத்திருக்கும் மார்க்கரை எடுத்தேன். தடித்த முனை.

அவர் கையை நீட்டி மேல் மூலையை மூடிக்கொண்டார்.

"வட்டத்து மேல படாம அடி தம்பி."